பள்ளிக்கூட இங்கிலீஷ்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

ஹேரோ, லண்டன்:

இங்கே ஒரு பிரைமரி பள்ளியில் டீச்சிங் அசிஸ்டன்ட்டாக இருக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. அதனால், பெற்றோர் வந்து டீச்சரைச் சந்திக்கும் பேரண்ட்ஸ் ஈவ்னிங் வந்தால் என்னையும் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். இங்கிலீஷ் அதிகம் தெரியாத அம்மாக்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெளிந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். சரளமாகப் பேசும் பெற்றோர்களை நினைத்தால்தான் கவலை. ஊரில் பழகிய சொல்லே காதில் விழுவதால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விடுகிறார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ஐ.டி. வேலை. மகள் அப்போது இயர் 2, அதாவது ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. டீச்சர் ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, ரைட்டிங்கில் "ஷி இஸ் வொர்க்கிங் டுவர்ட்ஸ் தி எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்ட்" என்றார். சிரித்த முகம், இதமான குரல். அப்பாவும் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். "சார், ஒரு நிமிஷம்" என்று நான்தான் திரும்ப உட்கார வைத்தேன். மகள் அவள் வயதுக்குரிய நிலையை எழுத்தில் இன்னும் எட்டவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். எட்டியிருந்தால் 'வொர்க்கிங் அட்' என்று இருக்கும். அதையும் தாண்டியிருந்தால் 'கிரேட்டர் டெப்த்'. மூன்றில் கீழ்ப்படியில் இருக்கிறாள் என்று விளக்கியதும், "அப்புறம் ஏனுங்க சிரிச்சுட்டே சொல்றாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. குழந்தைக்கு என்ன வருகிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருவது இங்குள்ள டீச்சர்களின் வழக்கம். வகுப்பும் பெரும்பாலும் வயதை வைத்துத்தான். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே இயர், சேர்ந்தே மேலே போவார்கள். பிரைமரியில் ஃபெயில் என்ற பேச்சே கிடையாது, ரேங்கும் கிடையாது. குழந்தைக்கு அது நல்லதுதான். ஆனால் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிய வீட்டில் எச்சரிக்கை மணி அடிக்காமலே போய்விடுகிறது. ரிப்போர்ட்டில் 'சாட்டி' என்றால் வகுப்பில் ஓயாமல் பேசுகிறான் என்று அர்த்தம். பாராட்டாக எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரைமரியின் கடைசி வருடமான இயர் 6இல் எழுதும் சாட்ஸ் என்ற தேசியப் பரீட்சையிலும் இதே கதைதான். ஜூலையில் ஒரு அம்மா மகனின் கணக்கு ஸ்கோர் 101 என்று பார்த்துவிட்டு, "நூத்துக்கு மேலயா!" என்று பூரித்துப்போனார். அந்த ஸ்கோர் ஓடுவது 80இலிருந்து 120 வரை. 100 தான் எதிர்பார்க்கும் அளவு, 110 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர்நிலை. பையன் கோட்டைத் தாண்டியிருக்கிறான், அதுவே நல்ல செய்திதான். ஆனால் அவர் ஊருக்குப் போன் போட்டுச் சொன்னது வேறு.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கும், எழுதுங்கள்.

டூட்டிங், லண்டன்:

நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட ஆட்களுக்குச் சில சொற்கள் சுகம். பள்ளி முடிவில் எடுக்கிற சோதனையை ஏ லெவல் என்றால் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊரில் இன்னும் அதுதானே. அதுக்கு முன் பதினாறு வயதளவில் எடுக்கிற ஓ லெவல்தான் இங்கே இல்லை, 1988இலேயே அதன் இடத்துக்கு ஜிசிஎஸ்இ வந்துவிட்டது. தடக்குகிறது கொலிஜ் என்ற சொல்லில். யாழ் இந்துக் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி எல்லாம் பள்ளிக்கூடங்கள்தானே. இங்கே கொலிஜ் என்றால் பொதுவாகப் பதினாறு வயதுக்குப் பிறகு. பக்கத்து வீட்டு அம்மம்மா, பதினொரு வயதுப் பேரனை "கொலிஜில சேர்க்கப் போறம்" என்று வெள்ளைக்கார அயலவரிடம் சொல்ல, அந்த மனிசி பெடியனை மேதை என்று நினைத்துக் கட்டிப்பிடித்து வாழ்த்தினா. அவன் போகப்போவது செகண்டரி ஸ்கூல், இயர் 7.

இன்னொன்று இன்செட் டே. ரீச்சர்மாருக்கு மட்டும் பயிற்சி, பிள்ளைகளுக்கு லீவு. வருசத்தில் ஐந்து நாள் வரும். புதிதாக வந்த ஒரு தாய், கொட்டும் மழையில் பிள்ளையோடு பூட்டின கேற்றடியில் நின்றதைக் கண்டேன். ஏதோ விசேஷம் என்று நினைத்துப் பிள்ளைக்குப் புதுச்சட்டை வேறு போட்டிருந்தா. பாவம். பள்ளி அனுப்புகிற கலண்டரை முதல் நாளே ஆரும் அவவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

நியூ ஜெர்சி:

அங்கே இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் ஈட்டன், ஹேரோ மாதிரி பெரும் பணம் கட்டும் பள்ளி. இங்கே அதே சொல்லுக்கு அர்த்தம் இலவச அரசுப் பள்ளி. டியூஷன் என்றால் கல்லூரிக் கட்டணம். மாலையில் போய்ப் படிப்பது டியூட்டரிங்.

நான் பார்த்தது என் ஆபீஸில். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் முடித்து இங்கே எம்.எஸ். செய்த பையன் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். ரெஸ்யூமில் 'நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்', அடுத்த வரியில் '2019 பாஸ்ட் அவுட்'. எங்கள் மேனேஜர் அமெரிக்கர். கடன் பாக்கி இல்லை என்று ரெஸ்யூமில் ஏன் எழுத வேண்டும் என்று குழம்பிப்போய் என்னிடம் வந்தார். பாஸ்ட் அவுட் என்றால் அவருக்கு மயங்கி விழுந்தது. தோற்ற பேப்பர் எதுவும் பாக்கி இல்லாமல் பட்டம் வாங்கியவன் என்று விளக்கினேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அவனிடமும் பிறகு பேசினேன். கல்லூரியில் எல்லோரும் சொன்ன சொல், யாரும் தவறு என்று சொன்னதில்லை என்றான். பிளேஸ்மென்ட் வகுப்பு நடத்தும் கல்லூரிகள் இதை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் போதும். நம் ஊரில் வாத்தியாரை ஸ்டாஃப் என்போமே, அதுவும் இங்கே ஆபீஸ் ஊழியர்தான். பாடம் நடத்துகிறவர்களுக்கு ஃபேகல்ட்டி.

ஹேரோ, லண்டன்:

டூட்டிங் அக்கா சொன்ன கேட் விஷயம் எங்கள் பள்ளியிலும் உண்டு. பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, பேரண்ட்ஸ் ஈவ்னிங்கில் என்ன கேட்பது என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் செகண்டரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31, பிரைமரியின் முதல் வகுப்பான ரிசப்ஷனுக்கு ஜனவரி 15. தவறவிட்டால் வீட்டுக்குப் பக்கத்தில், சொந்த கேட்ச்மென்ட் பகுதியில் உள்ள பள்ளியில்கூட இடம் கிடைப்பது கஷ்டம்.

பேரண்ட்ஸ் ஈவ்னிங்கில் என்ன கேட்பது என்றால், ஒரே வாக்கியம் போதும்: "இஸ் ஷி வேர் ஷி ஷுட் பி ஃபார் ஹர் ஏஜ்?" வயதுக்குரிய நிலையில் இருக்கிறாளா என்று அர்த்தம். சுற்றி வளைக்காமல் பதில் வரும். கோயம்புத்தூர்க்காரர் அடுத்த டெர்ம் இதைத்தான் கேட்டார். ரீடிங்கில் ஆமாம், ரைட்டிங்கில் இன்னும் இல்லை என்றார் டீச்சர். நோட்டைத் திறந்து, வாக்கியங்கள் முற்றுப்புள்ளி இல்லாமல் ஒன்றோடொன்று ஓடும் இடங்களை விரல் வைத்துக் காட்டினார். தினமும் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். அப்பா போனில் குறித்துக்கொண்டு போனார்.