ஸ்கிரீனிங்குக்கு ஒரு சொல் போதாது: பொதுச்சோதனை, தனிச்சோதனை

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மெட்ரோவிலும் புறநகர் ரயிலிலும் பேருந்து முனையங்களிலும் பயணிகளுக்கு நடக்கும் 'செக்யூரிட்டி ஸ்கிரீனிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழையை முதலிலிருந்து படித்துவிட்டு, சேலத்திலிருந்து இதை எழுதுகிறேன். இதுவரை வந்திருப்பவை: பாதுகாப்புத் திரையிடல், பாதுகாப்பு வருடல், பயணிகள் பரிசோதனை, சலிப்பாய்வு, நுழைவுச் சோதனை, நோட்டம். கடைசியாகக் கருவிச்சோதனை, கைச்சோதனை என்று ஒரு ஜோடி. எல்லாமே யோசித்துச் சொன்னவை. ஆனால் நாம் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், வேண்டியது இரண்டு என்பது என் எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் ஊர்ச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சரக்கைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவது அவர்களுக்கு அன்றாட வேலை. வெளியூர் நிலையம் ஒன்றின் வாசலில் எனக்கு முன்னால் நின்றவர் அப்படிப்பட்ட ஒருவர். பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் விட்டார். அந்தக் கருவியின் திரையில் துணி, காகிதம், சாப்பாடு போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும்; இரும்பு போன்ற உலோகங்கள் நீலமாகத் தெரியும்; அலுமினியம் மாதிரி இடைப்பட்டவை பச்சையாகத் தெரியும். கதிர் துளைத்துப் போக முடியாத அளவுக்கு அடர்த்தியாக எதுவும் இருந்தால் அந்த இடம் கறுப்பாகத்தான் விழும். கட்டுக்கட்டாக அடுக்கிய வெள்ளி அப்படித்தான் விழுந்தது. கறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது பையைத் திறந்து பார்ப்பதைத் தவிர காவலருக்கு வேறு வழி இல்லை.

அவர் கேட்டார்: "எல்லாத்தையும் இப்படித்தான் தொறந்து பாக்குறீங்களா, இல்ல என்னைய மட்டுமா?" காவலர் சொன்னார்: "செக்கிங் எல்லாருக்கும் உண்டுங்க." காவலர் பொய் சொல்லவில்லை. செக்கிங் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்த நிமிடம் அங்கே நடந்தது எல்லாருக்கும் நடப்பது இல்லை. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு மனிதரின் சரக்கு மேசையில் விரிக்கப்படுகிறது. முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் ஒரே பெயர் இருந்ததால், தன்னை ஏன் நிறுத்தினார்கள் என்று அவருக்கும் புரியவில்லை, காவலருக்கும் சொல்ல வாயில் சொல் இல்லை. 'சார், எல்லாருக்கும் உள்ள பார்வை முடிஞ்சுது. படம் தெளிவா விழல, அதனால உங்க பையை மட்டும் தனியா பாக்கணும், உள்ள வாங்க' என்று சொல்ல முடிந்திருந்தால் பாதி மனவருத்தம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஆக, ஸ்கிரீனிங் என்பது யார்மீதும் சந்தேகம் இல்லாமல், வருகிற எல்லாரையும் ஒரே மாதிரி, சீக்கிரமாகப் பார்த்து அனுப்புவது. அதில் தெளியாமல் நிற்கிற சிலரை மட்டும் நிறுத்தி ஆழமாகப் பார்ப்பது வேறு வேலை. பயணியின் உரிமையும் காவலரின் பொறுப்பும் இரண்டிலும் வேறு வேறு.

இதை மனதில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

திரையிடல் வேண்டாம். அது சினிமாவுக்குப் போய்விட்ட சொல். எக்ஸ்ரே படம் தெரியும் திரையை விட்டால், இந்த வேலையில் திரை என்று இருப்பது டெல்லி மெட்ரோவில் பெண்களைச் சோதிப்பதற்காகத் துணி மறைத்து வைத்திருக்கும் அந்தச் சிறு தடுப்பு ஒன்றுதான்.

வருடல் கருவிக்குப் பொருந்தும். ஸ்கேனரை வருடி என்று சொல்லிப் பழகியும்விட்டோம். ஆனால் மோப்ப நாய் முகர்வது வருடல் ஆகாது. பையைத் துணித்துண்டால் துடைத்து அதில் வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் வருடல் ஆகாது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நஞ்சைக் கொண்டுவந்தவர்கள் அதைத் திரவமாகப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, செய்தித்தாள் சுற்றி எடுத்துவந்தார்கள். எந்த உலோகக் கருவிக்கும் அது தட்டுப்பட்டிருக்காது. இன்றைய கருவியின் இயக்கத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டால் நாளைக்குக் கருவி மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். அதோடு 'உடல் வருடல்' என்று ஒரு பலகையில் எழுதி, பெண்கள் வரிசைக்கு மேலே மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 

பரிசோதனை என்றால் எங்கள் டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஐந்து ரோடு நிறுத்தத்தில் 'செக்கிங் ஏறிட்டாரு' என்று யாராவது சொன்னால் எல்லாரும் சட்டைப் பையில் டிக்கெட்டைத்தான் தேடுவார்கள். ரத்தப் பரிசோதனையும் அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறது.

சலிப்பாய்வு கருத்தளவில் மிகச் சரி. சேலத்து ஜவ்வரிசி ஆலையில் சல்லடையைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: எல்லா உருண்டையும் சல்லடைக்குள் போகும், பெரியது மட்டும் மேலே நிற்கும். ஆனால் சலிப்பு என்று காதில் விழுந்ததும் மனம் அலுப்புக்குப் போய்விடுகிறது. தினமும் வரிசையில் நிற்கிறவரிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க முடியாது.

நுழைவுச் சோதனையைத்தான் அதிகம் பேர் ஆதரித்திருக்கிறீர்கள். மெட்ரோ வாசலை மட்டும் நினைத்தால் நல்ல சொல். ஆனால் உலகம் முழுக்க வாசலில்தான் நடக்கிறது என்று இல்லை. லாஸ் ஏஞ்சலீஸ் மெட்ரோ 2018இல் கொண்டுவருவதாக அறிவித்த கருவி, நடந்து வருகிறவர்களைத் தூரத்திலிருந்தே பார்க்கும். உடலிலிருந்து இயல்பாக வெளிப்படும் அலைகளை எது மறைக்கிறது என்று கவனித்து, ஆடைக்குள் ஒளித்த பொருளைக் காட்டும். வேண்டிய இடத்துக்கு எடுத்துப் போகலாம்; அதற்கென்று ஒரு வாசல் தேவை இல்லை. நியூயார்க்கில் 2005 ஜூலையில், லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, சுரங்க ரயில் நிலையங்களில் பைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அங்கே நுழைகிற எல்லாரையும் பார்ப்பது இல்லை, இத்தனை பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. பையைக் காட்ட விருப்பமில்லை என்றால் பயணம் செய்யாமல் திரும்பிப் போய்விடலாம்.

கருவிச்சோதனை, கைச்சோதனை என்ற ஜோடியைச் சொன்ன கோவை நண்பர் என் கருத்துக்கு மிக அருகில் வந்திருக்கிறார். இரண்டு சொல் வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் இரண்டையும் பிரிக்கும் கோட்டை அவர் வேறு இடத்தில் போடுகிறார். டெல்லி மெட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 டிசம்பரில் தொடங்கிய அந்த மெட்ரோவின் பாதுகாப்பு 2007 முதல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் இருக்கிறது. அங்கே உலோகம் உணரும் வாசலைத் தாண்டியதும் காவலர் கைக்கருவியோடு எல்லாரையுமே நிறுத்தித் தடவிப் பார்க்கிறார். அதாவது, கையால் நடப்பதும் அங்கே எல்லாருக்கும் பொது. எதனால் பார்க்கிறார்கள் என்பதை வைத்துப் பிரித்தால், பயணி கேட்கிற கேள்விக்குப் பதில் கிடைக்காது. எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி. கோடு அங்கேதான் விழ வேண்டும்.

நோட்டம் என்ற சொல்லின்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. பழைய வழக்கில் நோட்டம் என்றால் நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பது, நோட்டக்காரர் என்றால் காசு நல்லதா கள்ளதா என்று பார்த்துச் சொல்பவர். வருகிற எல்லாக் காசையும் கண்ணில் ஓட்டி, ஐயமானதை மட்டும் ஒதுக்குகிற வேலை அது. இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் கிடைப்பது அரிது. ஆனால் இழையில் மதுரையிலிருந்து ஓர் அம்மா சொன்ன மறுப்பு உண்மையானது: இன்று செய்தித்தாளைத் திறந்தால் பூட்டிய வீட்டை நோட்டமிடுகிறவன் திருடன். பயணிகள் நோட்டம் என்று எழுதினால் பயணிகளிடம் யாரோ கைவரிசை காட்டப் பார்ப்பதாகத்தான் ஒலிக்கும். இடத்தின் பெயராகவோ செயலின் பெயராகவோ அதை வைக்க முடியாது. ஆனால் நோட்டமிடு என்ற வினையில் ஏறியிருக்கும் கறை நோட்டக்காரர் என்ற பெயரில் ஏறவில்லை. எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து பை பையாகப் படத்தைப் படிக்கிறாரே, அவருக்குத் தமிழில் இன்னும் பெயர் இல்லை. அவரை நோட்டக்காரர் என்று அழைக்கலாம். கறுப்பாக விழுந்த வெள்ளியைப் பார்த்து நிறுத்துவதும் அவர் வேலை, ஆரஞ்சாக விழுந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை விடுவதும் அவர் வேலை.

சரி, அடிச்சொல் சோதனை. அதற்கும் மறுப்பு வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து அன்பர், தங்கள் பக்கம் சோதனை என்றால் பள்ளிக்கூடத் தேர்வு, போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கோ வீதித் தடை என்று எழுதியிருந்தார். அந்தக் கனத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டிலும் வருமானவரிச் சோதனை இருக்கிறது. சட்டத் தமிழும் சோதனையிடல் என்பதை ஆளைக் குறிவைத்துத் தேடுவதற்குத்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் இந்தச் சொல் மக்கள் நடுவில் நிலைத்துவிட்டது. ஏற்காடு போகிறவர்கள் அடிவாரத்தில் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார்கள். டிரைவர் செக்போஸ்ட் என்பார், பலகை சோதனைச்சாவடி என்னும்; யாருக்கும் குழப்பம் இல்லை. பேச்சில் ஒன்று, எழுத்தில் ஒன்று என்று இரண்டும் சண்டையில்லாமல் வாழ்கின்றன. வேரை மாற்ற வேண்டியதில்லை, முன்னால் ஒரு அடைமொழி வைத்தால் போதும்.

என் பரிந்துரை இது. யார்மீதும் சந்தேகமின்றி எல்லாப் பயணிகளையும் ஒரே முறையில் பார்ப்பது பொதுச்சோதனை. அதில் தெளியாத ஒருவரையோ ஒரு பையையோ நிறுத்தி ஆழமாகப் பார்ப்பது தனிச்சோதனை. இரண்டும் எந்த வாசலிலும், எந்தக் கருவியாலும், கையாலும் நடக்கலாம். கைச்சோதனை என்பதையும் விட்டுவிட வேண்டாம். உடலைத் தடவிப் பார்க்கும் முறைக்கு அது நல்ல பெயர், பொதுவிலும் வரும் தனியிலும் வரும். நியூயார்க்கில் நடப்பது போல இத்தனை பேருக்கு ஒருவர் என்று எடுப்பதற்கு யாழ்ப்பாணத்து அன்பர் சொன்ன 'எழுமாற்றுச் சோதனை'யை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பழக்கமில்லாத சொல்தான். ஆனால் நம் பாடப்புத்தகத்தின் சமவாய்ப்பைவிட வாயில் எளிதாக வருகிறது, ஈழத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. 

பொதுச்சோதனை என்றால் பொதுத்தேர்வு நினைவு வராதா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் வராது, இங்கே அது தேர்வு, பரீட்சை. ஈழத்து வாசகருக்காகப் பலகையில் 'பயணிகள் பொதுச்சோதனை' என்று முழுதாக எழுதிவிடலாம்.

இந்தப் பிரிவு அகராதியோடு நிற்கக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். கைதான பெண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தால் இன்னொரு பெண்தான், கண்ணியம் கெடாமல், சோதிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்த விதி தொடர்கிறது. கைதானவருக்கே அவ்வளவு என்றால், டிக்கெட் எடுத்து வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எவ்வளவு வேண்டும்? 'தனிச்சோதனை மறைவிடத்தில் மட்டுமே நடக்கும்' என்று ஒரு வரி எழுத, முதலில் தனிச்சோதனை என்று ஒரு சொல் கையில் இருக்க வேண்டும். 

பலகைக்கான வாசகத்தை இப்படி வைத்திருக்கிறேன். திருத்துங்கள்: 'இங்கே பயணிகள் பொதுச்சோதனை நடைபெறுகிறது. இது அனைவருக்கும் உரியது. தேவைப்பட்டால் தனிச்சோதனைக்கு அழைக்கப்படுவீர்கள். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.' கடைசி வரி நீளம் என்று தோன்றினால் மற்றதைக் குறையுங்கள், அதை எடுக்காதீர்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. பயணிகள் நடந்து கடக்கும், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் அந்தக் கதவுச் சட்டம் போன்ற கருவிக்கு 'உலோக உணர்வாசல்' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வாசல் என்பது பெரிய சொல். கருவி இருப்பது சட்டத்துக்குள்தான். இரண்டு பக்கக் கால்களிலும் கம்பிச்சுருள்கள், உலோகம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் விளக்கு. கனத்த கொலுசு போட்டவர் கடந்தால் கணுக்கால் மட்டத்தில் எரியும். எங்கள் பக்கம் வீடு கட்டும்போது கதவுச் சட்டத்தை வாசக்கால் என்கிறோம், வேறு ஊர்களில் நிலை என்கிறார்கள். 'உணர்நிலை' என்று வைத்தால் மனநிலை மாதிரி ஆகிவிடுகிறது. 'உலோக உணர்கால்' சரிப்படுமா? தஞ்சை, நெல்லைப் பக்கம் கதவுச் சட்டத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து