எஸ்ஜே410 ஜீப்: 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஸ்ப்ரிங், ஆக்சில் வேலை. எதை முதலில் செய்வது?

களிமண்410
மலேசியா, செலாயாங்கில் இருந்து எழுதுகிறேன். வண்டி சுசுகி எஸ்ஜே410, 970 சிசி, முன்னால் டிரம் பிரேக். ஞாயிறு மட்டும் ஓட்டுவது. ஹுலு லங்காட், ஜண்டா பாய்க் பக்கம் செம்மண் பாதை, ஆறு கடப்பது, அவ்வளவுதான். டயர் சேர்த்து 5,000 வெள்ளிதான் கையில். ஸ்ப்ரிங் எல்லாம் தட்டையாகப் படுத்துவிட்டது. லாரித் தடத்தில் இறங்கினால் ஆக்சில் நடுவில் தொங்கும் டிஃப் (டிஃபரன்ஷியல்) வயிறு நடுமேட்டில் உட்கார்ந்துவிடுகிறது. 31 அங்குல டயர் போட ஆசை. ஒரு பட்டறையில் ஸ்ப்ரிங்கை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி (ஸ்ப்ரிங் ஓவர்) வெல்டு அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஸ்ப்ரிங் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டால் போதும் என்கிறார்கள். பழைய உதிரி பாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் எஸ்ஜே413 ஆக்சில் ஒரு ஜோடியும் கிடக்கிறது. எதில் காசு போடலாம்?

லோகியர்
பாஸ், டிஃப் தரையில் உட்காருவதற்கும் வண்டி உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்ப்ரிங்கை என்ன செய்தாலும் ஏறுவது பாடிதான். ஆக்சிலை ஏற்றுவது டயர் ஒன்றுதான். பழைய 195 டயர் ஏறத்தாழ 693 மி.மீ. உயரம். 235/75 ஆர்15 என்றால் 733. டிஃப் 20 மி.மீ. ஏறும். 31 அங்குலம் 787. டிஃப் 47 மி.மீ. ஏறும். ஆசை புரிகிறது. ஆனால் 31 போட்டதும் எல்லா கியரும் 13 சதவீதத்துக்கு மேல் உயரமாகிவிடும், அந்த அளவுக்கு இழுவை குறையும். 970 சிசி, காராக் நெடுஞ்சாலை ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். ஆற்றில் நனைந்த டிரம் அந்த டயரை நிறுத்தவும் திணறும். 235 போட்டால் 6 சதவீதம்தான், எஞ்சின் தாங்கும்.

235-க்கு 2 அங்குல ஏற்றம் போதும், மட்கார்ட் ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டி வரலாம். லாரி ஸ்ப்ரிங் பட்டறையில் பழைய தட்டுகளுக்கே வளைவு ஏற்றித் தருவார்கள். மலிவு, ஆனால் களைத்த இரும்பு சீக்கிரம் மறுபடி படுத்துவிடும். புது செட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். கூடுதல் தட்டு மட்டும் சொருகாதீர்கள். விறைத்த ஸ்ப்ரிங்கில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும். லாக் இல்லாத ஓப்பன் டிஃப்பில் தொங்குகிற சக்கரம்தான் சும்மா சுற்றும்.

நீள ஷேக்கிளில் 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம்தான் ஏறும். எஸ்ஜேயில் முன் ஷேக்கிள் ஸ்ப்ரிங்கின் முன் நுனியில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்பக்கம் கவிழ்ந்து காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, ஹைவேயில் வண்டி அலையும். ஆப்புத் தகடு வைத்துக் காஸ்டரை மீட்கலாம், ஆனால் பினியன் (டிஃப்பைச் சுற்றும் சிறு பல்சக்கரம்) குனிந்து புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கோணம் கூடும்.

பொத்தோங்கடை
413 ஆக்சிலுக்கு என் ஓட்டு. முன் டிஸ்க் பிரேக் ஒன்றுக்காகவே வாங்கலாம். இடது வலது சக்கர இடைவெளி 1,190-லிருந்து 1,300 மி.மீ. ஆகும். சரிவில் வண்டி நன்றாக உட்காரும், ஆனால் டயர் மட்கார்டுக்கு வெளியே வரும், மட்கார்டை நீட்டும் ஃபிளேர் வேண்டும். பிரேக் மாஸ்டர் பம்பையும் 413-இனுடையதையே எடுங்கள். டிரம்முக்கான பம்ப் லைனில் மீதி அழுத்தம் வைத்தால் டிஸ்க் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

கடையில் காசு கொடுக்கும் முன் டிஃப் பல் விகிதத்தை (சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பினியன் எத்தனை சுற்று) எண்ணுங்கள். 410-இல் 4.11, 413-இல் அதைவிடக் குறைவு, 3.9 அல்லது 3.7 வரும். ஒரு பக்க ஹப்பைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை 20 சுற்று சுற்றினால் பினியன் 41 சுற்று சுற்ற வேண்டும். 39 வந்தால் 3.9. ஒரு சுற்றில் எண்ணி ஏமாறாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இல்லாவிட்டால் கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் விசை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஆக்சில் ஷாஃப்ட் நுனியில் உள்ள ஸ்ப்ளைன் பல்லையும் எண்ணிப் பாருங்கள். பொருந்தினால் உங்கள் 4.11 டிஃப்பையே 413 கூட்டுக்குள் மாட்டலாம்.

களிமண்410
அப்போ ஸ்ப்ரிங் ஓவர் வேண்டவே வேண்டாமா? பின் சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றும்படி பின் டிஃப்பை வெல்டு அடித்து லாக் பண்ணலாமா?

கிரீஸ்கை
ஸ்ப்ரிங் ஓவர் கெட்ட வேலை இல்லை. 5 அங்குலம் ஏறும், நன்றாக மடங்கும். ஆனால் பட்டறைக்காரர் சொல்லும் கூலி பாதிக் கணக்குதான். ஸ்டீயரிங் கம்பி செங்குத்தாகிவிடும், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே திரும்பும். மேலேற்றிய ஸ்டீயரிங் ஆர்ம் வேண்டும். பிரேக் ஹோஸ், அப்சார்பர், ஷாஃப்ட் ஸ்பேசர் எல்லாம் புதிது. லோ கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஸ்ப்ரிங் எஸ் போல வளைந்து பினியன் மேலே தூக்கும், ஜாயிண்ட் போகும். அதைத் தடுக்க, ஆக்சில் முறுக்காமல் பிடிக்கும் டிராக்ஷன் பார் ஒன்று வேண்டும். ஸ்ப்ரிங் பீடத்தை வண்டியின் எடை ஆக்சிலில் உட்கார்ந்த பிறகு கோணம் பார்த்துப் புள்ளி வெல்டு வைத்து, பிறகுதான் முழுதாக அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அடித்தால் குழாய் வளைந்து ஆயில் சீல் கசியும். இவ்வளவும் 5,000-க்குள் அடங்காது.

வெல்டு டிஃப் வேண்டாம். ரோட்டில் ஓட்டி வருகிற வண்டி. மழையில் வளைவில் நேராக இழுக்கும், பின் ஷாஃப்ட் ஒடியும்.

முதல் செலவு ஆக்சிலைப் பிரித்து முன் சக்கரம் திரும்பும் நக்கிளின் கிங்பின் பேரிங், சீல் மாற்றுவது. பேரிங் தேய்ந்திருந்தால் பெரிய டயர் போட்டதும் 60-70 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடும். ஆயில் 80டபிள்யூ-90 ஜிஎல்-5, முன் டிஃப்புக்கு 2 லிட்டர், பின்னால் 1.5. பழைய ஆயில் தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. சூடான டிஃப் ஆற்றில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சிலின் காற்றுத் துளையான பிரீதருக்கு ஹோஸ் மாட்டி எஞ்சின் அறைக்குள் உயரே கட்டுங்கள். சில வெள்ளி வேலை, ஆக்சிலுக்கு இதைவிட மலிவான காப்பு கிடையாது.

அப்சார்பர் வாங்கும் முன் பழையதைக் கழற்றி ஒரு சக்கரத்தை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும் வரை தூக்கி இரண்டு கண்ணுக்கும் இடைத் தூரத்தை அளங்கள். முழுதாகத் தொங்கவிட்டு இன்னொரு முறை. புது அப்சார்பர் சுருங்கும்போது முதல் அளவைவிட ஓர் அங்குலமாவது குட்டையாக இருக்க வேண்டும், விரியும்போது இரண்டாவதைவிட நீளமாக. பிரேக் ஹோஸையும் அதே தொங்கலில் பாருங்கள்.

லோகியர்
ஆக்சில் மாற்றம், உயர மாற்றம் இரண்டையும் பற்றி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பழைய ஸ்ப்ரிங்கை விற்காதீர்கள். வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போது பி5 என்ற வாகனச் சோதனை இருக்கிறது, அப்போது திரும்ப மாட்ட வேண்டி வரலாம்.

களிமண்410
சரி. ஆக்சில் பிரிப்பு, 413 ஜோடி, 235 டயர், மிச்சம் இருந்தால் ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்கை ஆக்சிலோடு கட்டும் பழைய யூ போல்டையே திரும்பப் போடலாமா?

கிரீஸ்கை
வேண்டாம், ஒரு முறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டிருக்கும். புதிது போட்டு, 100 கி.மீ. ஓடியதும் வண்டி தரையில் நிற்கும்போதே மறுபடி இறுக்குங்கள். டிஃப் தட்டுகிற அளவு ஆழமான லாரித் தடத்தில் இறங்காமல் ஓரமாக ஏறி ஓட்டுங்கள்.