எஸ்எஸ்ஹெச் இணைப்பு சும்மா இருந்தாலே அறுந்துவிடுகிறது: ‘புரோக்கன் பைப்’ பிழை

கேள்வி

வணக்கம். மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு லினக்ஸ் சர்வரில் நுழைந்துதான் கோடு எழுதுகிறேன். பில்டும் (கோடை இயங்கும் நிரலாக மாற்றும் வேலை) அங்கேயேதான் ஓடுகிறது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஏதாவது ஆவணம் படித்துவிட்டுத் திரும்பினால் டெர்மினல் உறைந்து கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் ‘சென்ட் டிஸ்கனெக்ட்: புரோக்கன் பைப்’ என்று வந்து இணைப்பு போய்விடுகிறது. நீண்ட பில்ட் எதையும் அச்சிடாமல் ஓடும்போதும் இதே கதைதான், பில்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

சர்வர் ரீஸ்டார்ட் ஆகவில்லை, அப்டைம் பார்த்துவிட்டேன். வைஃபைக்குப் பதில் கேபிள் போட்டும் மாற்றமில்லை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் ஏற்கெனவே ‘யெஸ்’ என்றுதான் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன்?

பதில் 1

ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள். உள்ளே நுழையப் பயன்படும் பழைய எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

பதில் 2

தயவுசெய்து சாவிகளில் கை வைக்காதீர்கள். சாவியில் கோளாறு என்றால் உள்ளே நுழையவே விடாது. நுழைந்து நன்றாக வேலை செய்த இணைப்பு பிறகு அறுவதற்கும் சாவிக்கும் சம்பந்தமில்லை.

‘புரோக்கன் பைப்’ என்றால், ஏற்கெனவே செத்துப்போன இணைப்பில் உங்கள் கணினி எழுதப் பார்த்தது என்று மட்டும்தான் பொருள். வெட்டியது யார் என்று அந்த வரி சொல்லாது. எதையும் மாற்றும் முன் அதைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டு டெர்மினல் திறந்து, இரண்டிலும் அதே சர்வருக்குள் நுழையுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னொன்றில் 20 விநாடிக்கு ஒரு முறை நேரத்தை அச்சிடும் சின்ன லூப் ஒன்றை ஓடவிடுங்கள். சும்மா இருந்தது மட்டும் செத்தால், அமைதியாக இருக்கும் இணைப்பை யாரோ வெட்டுகிறார்கள் என்பது உறுதி. அப்புறம் சர்வரில் எஸ்எஸ்ஹெச்டி (இணைப்புகளை ஏற்கும் நிரல்) பதிவுகளைப் பாருங்கள். ‘டைம்அவுட், கிளையண்ட் நாட் ரெஸ்பாண்டிங்’ என்று இருந்தால், உங்களிடமிருந்து பதில் வராமல் சர்வரே முடித்துக்கொண்டிருக்கிறது. அறுந்த நேரத்தில் அங்கே ஒரு வரியும் இல்லையென்றால் நடுவில் இருக்கும் ரவுட்டர், ஃபயர்வால், விபிஎன் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். நேட் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) செய்யும் கருவி ஒவ்வொரு இணைப்பையும் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கும். கொஞ்ச நேரம் பாக்கெட் எதுவும் போகாவிட்டால் அந்த வரியை நீக்கிவிடும், இரு முனைக்கும் தகவல் சொல்லாமலே.

டிசிபி கீப்அலைவ் ஏன் உதவவில்லை என்று கேட்டீர்கள், நல்ல கேள்வி. லினக்ஸில் அதன் இயல்பு நிலை 7200 விநாடி. அதாவது இரண்டு மணி நேரம் அமைதியாக இருந்த பிறகுதான் முதல் சோதனைப் பாக்கெட்டே கிளம்பும். பல கருவிகள் அதற்கு வெகுமுன்பே இணைப்பை மறந்துவிடுகின்றன.

உங்களுக்குத் தேவை எஸ்எஸ்ஹெச்சின் சொந்த ஏற்பாடு. உங்கள் கணினியின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ 60, ‘சர்வர்அலைவ்கவுன்ட்மேக்ஸ்’ 3 என்று கொடுங்கள். இரண்டையும் ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். முதலாவதன் இயல்பு மதிப்பு 0, அதனால்தான் இதுவரை எதுவும் போகவில்லை. இனி சர்வரிடமிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தி போகும். தொடர்ந்து மூன்றுக்குப் பதில் வராவிட்டால்தான் கிளையண்ட் கைவிடும். அந்தப் போக்குவரத்தே அட்டவணை வரியை உயிரோடு வைத்திருக்கும்.

கேட்டவர்

லூப் ஓடிய டெர்மினல் அப்படியே இருக்கிறது, சும்மா விட்டது போய்விட்டது. சர்வர் பதிவில் ஒன்றும் இல்லை. ஆக, நடுவில்தான் வெட்டு. ஆனால் நீங்கள் சொன்ன வரிகளை கோப்பின் கடைசியில் ‘ஹோஸ்ட் *’ (எல்லா சர்வருக்கும் பொருந்தும் பகுதி) என்பதற்குக் கீழே சேர்த்தும் அறுந்துகொண்டேதான் இருக்கிறது.

பதில் 2

சேர்த்த இடம் சரிதான். அந்தக் கோப்பில் மேலே வேறு எங்காவது இதே அமைப்பு இருக்கிறதா? எஸ்எஸ்ஹெச் கோப்பை மேலிருந்து படிக்கும், ஓர் அமைப்புக்கு முதலில் கிடைத்த மதிப்பையே வைத்துக்கொள்ளும். கீழே எழுதியது மேலே உள்ளதை மாற்றாது. கண்ணால் தேட வேண்டாம். எஸ்எஸ்ஹெச் கட்டளையில் பெரிய எழுத்து ‘ஜி’ விருப்பத்தோடு சர்வர் பெயரைக் கொடுங்கள். இணைக்காமலே, கடைசியில் எந்த மதிப்பு எடுபடுகிறது என்று அச்சிட்டுக் காட்டும். இவ்வளவு பயனுள்ள விருப்பம் பலர் கண்ணில் படாமலே இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதில் 3

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மடிக்கணினி உறக்கத்துக்குப் போனால் இந்த அமைப்பு காப்பாற்றாது, செய்தி அனுப்ப ஆளே இல்லையே. நீண்ட பில்டை டீமக்ஸுக்குள் (சர்வரிலேயே டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) ஓடவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் பில்ட் சர்வரில் தொடரும், மறுபடி நுழைந்து ஒட்டிக்கொள்ளலாம். உறைந்த டெர்மினலை மூட, என்டர் தட்டிவிட்டு டில்டே (~), புள்ளி (.) இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டுங்கள்.

கேட்டவர்

பிடிபட்டது. குழுவில் பகிரப்பட்ட கான்ஃபிக்கில் இந்த சர்வருக்கென்றே மேலே ஒரு பகுதி இருக்கிறது, அதில் இன்டர்வல் 0 என்று இருந்தது. அதை 60 ஆக்கியதும் ‘ஜி’ விருப்பமும் 60 என்றே காட்டுகிறது. இரண்டு டெர்மினலையும் மதியம் முழுக்கத் தொடாமல் விட்டேன், இரண்டும் உயிரோடு இருக்கின்றன. எடிட்டரும் இதே கான்ஃபிக்கைத்தான் படிக்கிறது என்பதால் அதுவும் அறுவதில்லை. பில்டுகளை இன்று முதல் டீமக்ஸுக்கு மாற்றிவிட்டேன். மிக்க நன்றி.