ஜெர்சிப் பணம்: குத்தகையாளர் தரட்டுமா, நாம் போடுவோமா?

ஊர்ச் சொந்தங்களுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

நம் தோட்டக் காற்பந்துக் குழுவுக்கு ஜெர்சி வாங்கும் விஷயமாகப் போன வாரம் நான் எழுதிய மடலுக்குப் பதினேழு பேர் பதில் போட்டிருக்கிறீர்கள். பொங்கல் வாழ்த்துக்குக்கூட இத்தனை பதில் வந்ததில்லை. அதில் பன்னிரண்டு பேர் சொல்வது ஒன்றுதான்: "குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) தாமாக முன்வந்து ஜெர்சி, பூட்ஸ், பந்து எல்லாம் தருகிறேன் என்கிறார். குழுவின் பெயரோடு அவருடைய கம்பெனிப் பெயரும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதானே? வாங்கிக்கொள்ளுங்கள் வாத்தியாரே."

வாங்கியிருப்பேன், 2025 மே 26ஆம் தேதி இரவு வழக்கம்போல் சீக்கிரம் படுத்திருந்தால்.

அன்றிரவு லண்டனிலிருந்து ஓர் அழைப்பு. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகைப் பாட்டியின் பேரன்; என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன், இப்போது அங்கே டூட்டிங் பகுதியில் இருக்கிறான். பேச்சே கேட்கவில்லை, ஒரே இரைச்சல். "சார், வெம்பிளி மைதானத்தில் இருக்கிறேன். விம்பிள்டன் ஜெயித்துவிட்டது!" என்று கத்தினான். விம்பிள்டன் என்றால் டென்னிஸ் அல்லவா என்றேன். சிரித்தான். வால்சால் குழுவை ஒன்றுக்குச் சுழியம் என்று வென்று, ஏஎஃப்சி விம்பிள்டன் காற்பந்துக் கழகம் இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் படிக்கு ஏறிய இரவு அது. அந்தக் கழகம் அவனுக்குச் சொந்தம் என்றான். பணக்காரனாகிவிட்டானோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் விளக்கினான்: அவன் ஒருவனுக்கு இல்லை, அவனைப் போன்ற ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்கு, ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற கணக்கில்.

அதற்குப் பிறகு எனக்கு அதே வேலையாகிவிட்டது. படிக்கப் படிக்க நம் ஊர்க் கதையாகவே தெரிந்தது.

பழைய விம்பிள்டன் கழகத்தை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1988இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலைக் கவிழ்த்தார்களே, அவர்கள்தான். சான்செஸ் தலையால் முட்டிய கோல். ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை பீசன்ட் பாய்ந்து தட்டினார். அத்தனை பெயர் வாங்கிய கழகம் 1991இல் சொந்தத் திடலை விட்டு இன்னொருவர் திடலில் ஒண்டுக்குடித்தனம் போனது. 2001இல் உரிமையாளர்கள் கழகத்தையே மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நம் ஊர்க் குழுவை அத்தனை தூரத்திலுள்ள பீடோரில் கொண்டுபோய் வைத்து, "இனி அங்கே வந்து கைதட்டுங்கள்" என்பதைப் போல. 2002 மே 28ஆம் தேதி, இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு ஒன்று அதற்கு அனுமதி கொடுத்தது. விம்பிள்டனிலேயே ரசிகர்கள் புதிதாகக் கழகம் தொடங்குவது காற்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அறிக்கையில் எழுதி வைத்தார்கள். அந்த வரியைப் படித்ததும் நம் தோட்ட ஆபீஸ் அறிவிப்புப் பலகைதான் எனக்குக் கண்ணில் வந்து நின்றது. அதே மிடுக்கு, அதே மொழி.

ரசிகர்கள் இரண்டு நாள்தான் எடுத்துக்கொண்டார்கள். மே 30ஆம் தேதி புதுக் கழகம் பிறந்துவிட்டது. ஆனால் ஆட ஆள் வேண்டுமே? விம்பிள்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியில், ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். 230 பேர் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்களாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சம்பளத்துக்கு மறுநாள் மாலை நம் பிரட்டுக்களத்தில் (காலையில் பேர் கொடுக்கும் இடத்தில்) ஆள் சேர்ப்பார்களே, அதேபோல் இருந்திருக்கும். ஜூலையில் முதல் ஆட்டம், சட்டன் யுனைடெட்டோடு. நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். அந்தத் தோல்வியைப் பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கி, 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஒன்பது பருவங்களில் ஐந்து முறை படி ஏறினார்கள். 2011இல் லூட்டனைப் பெனால்டியில் நான்குக்கு மூன்று என்று வென்று நான்காம் படி. 2016இல் பிளிமத்தை வென்று மூன்றாம் படி. 2020 நவம்பரில், பழைய திடல் இருந்த அதே பிளவ் லேன் தெருவில் புதுத் திடலும் திறந்துவிட்டார்கள். அதற்குப் பணம் குறைந்தபோது ரசிகர்கள் கடன்பத்திரமாகவே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள்.

இப்போது நம் திடலுக்கு வருகிறேன். சனிக்கிழமை ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து, பால் சுமக்கும் காண்டா வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நம் அப்பாக்கள் புல் வெட்டினார்கள். புகைக்கூடத்தில் கழித்துப்போட்ட இரும்புக் குழாயில் கோல்கம்பம் நட்டார்கள். மலேசியக் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரன் மாதிரி தடுப்பேன் என்று ஒருவன், கோல்காவலர் ஆறுமுகம் மாதிரி பாய்வேன் என்று ஒருவன். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் கை நீளம் எனக்கும் வரவேண்டும் என்று லயத்து வீட்டு உத்தரத்தில் தொங்கியவனை எனக்குத் தெரியும். (இந்த மடலை இப்போது ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருக்கிறான்.) அந்தத் திடல் யாருடையது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. தோட்டம் கைமாறியபோது பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இரண்டு மாதத்தில் நடுவட்டத்தில் செம்பனைக் கன்று நின்றது. கோல்கம்பத்தைப் பிடுங்கிக் கோயிலுக்குப் பின்னால் சாத்தி வைத்தோம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் நாம், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர்க்காரர்கள். பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் ஜனங்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கேட்டவர் அவர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. என் அப்பாவும் பணம் கட்டினார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. "கெடாவில் எவனோ வெட்டுகிற மரத்துக்கு நீ ஏன் காசு கட்டுகிறாய்?" என்று கேட்டார். அப்பா சொன்ன பதில் வீட்டில் ரொம்ப நாள் கேலிக்கு ஆளானது: "அதில் ஒரு மரம் என்னுடையது."

பெர்த்திலிருந்து தம்பி ஒருவர், ரசிகர்கள் நடத்தினால் கூச்சல்தான் மிஞ்சும் என்று எழுதியிருக்கிறார். கூச்சல் இருக்கும். விம்பிள்டன் 2022இல் படி இறங்கவும் செய்தது. ஆனால் கழகம் எங்கேயும் போகவில்லை, மூன்றே ஆண்டில் திரும்ப ஏறியது. நம்மவர் குழுவாக 2017இல் மலேசிய பிரிமியர் லீக்கில் ஆடிய மிஃபாவை (மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழு) எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று சூப்பர் லீக்கிலும் ஆடியது. 2022 பருவத்தோடு விலகியது. பேரனோடு போய்க் கைதட்டிய குழு அது. விலகப்போகிறது என்பதை நான் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே என் யோசனை இது. ஆளுக்கு ஐம்பது வெள்ளி. ஐயாயிரம் கொடுத்தாலும் ஓட்டு ஒன்று. கம்பெனிப் பெயர் வேண்டாம்; குழுவுக்குத் தோட்டத்தின் பெயரே இருக்கட்டும். அந்தத் தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லை என்பது வேறு விஷயம். ஆடுவதற்கு இப்போது நகராட்சித் திடலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். அதற்கும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

குத்தகையாளரிடம் நேற்று நானே தொலைபேசியில் பேசினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் எனக்கும் ஓட்டு உண்டா சார்?" என்றார். ஒன்று உண்டு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

ரசீதுப் புத்தகம் அச்சாகிவிட்டது. முதல் ரசீது டூட்டிங் பையனுக்கு. ஜெர்சி நிறம் மட்டும் முடிவாகவில்லை: உள்ளூரில் எட்டுப் பேர் பச்சை, எட்டுப் பேர் மஞ்சள். உங்கள் ஓட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். நீலம் என்று யாரும் தொடங்க வேண்டாம்.