கொக்குவில் வீட்டுக் குழு: குகனின் மேன்முறையீடு

குகன் (லண்டன்): அக்கா, அத்தான், திகதி வந்துவிட்டது. ஜூன் 18, காலை 10 மணி. மாற்றுத்திறனாளிகளுக்கு இங்கே அரசு தரும் பிப் கொடுப்பனவை மறுத்ததற்கு எதிரான மேன்முறையீட்டை நீதிபதி விசாரிக்கப் போகிறார்.

சாந்தி: நீதிபதியா? தம்பி, நீ யாருக்கு என்ன செய்தாய்? சட்டத்தரணி பிடித்துவிட்டாயா?

மைதிலி (ஹரோ): அக்கா, பயப்படாதீர்கள். இது கூண்டில் ஏற்றும் விசாரணை அல்ல. ஒரு மேசை. அந்தப் பக்கம் மூவர்: நீதிபதி, ஒரு வைத்தியர், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை அறிந்த ஓர் உறுப்பினர். மறுத்த திணைக்களத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. கட்டணமும் இல்லை. நான் அண்ணாவுடன் போகிறேன்.

ரவி: எதற்காக மறுத்தார்கள்? முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறதே.

மைதிலி (ஹரோ): அத்தான், கால் இல்லை என்பதற்குப் புள்ளி கிடையாது. எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் புள்ளி. அதையும் செயற்கைக் காலைப் போட்ட நிலையில்தான் பார்ப்பார்கள். நடமாட்டத்துக்கு 8 புள்ளி எடுத்தால் சாதாரண வீதம், 12 எடுத்தால் உயர் வீதம். அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கும் அதே கணக்கு. அண்ணா 50 மீற்றரைத் தாண்டி 200 மீற்றர் வரை நடப்பார் என்று எழுதி 4 புள்ளியோடு நிறுத்திவிட்டார்கள். ஊன்றுகோல், செயற்கைக் கால் போன்ற துணையோடு 20 மீற்றருக்கு மேல், ஆனால் 50 மீற்றருக்குள்தான் நடக்க முடியும் என்று ஏற்றுக்கொண்டால் 10 கிடைக்கும்.

சாந்தி: 50 மீற்றர் என்றால் எவ்வளவு?

துஷி: நம் படலையிலிருந்து ஒழுங்கை முகப்பு வரை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

குகன் (லண்டன்): "தினமும் கடைக்கு நடந்து போகிறார்" என்று அறிக்கையில் இருக்கிறது. கடைக்குப் போவது உண்மை. வழியில் பஸ் தரிப்பிடத்தில் எத்தனை தரம் உட்கார்கிறேன் என்று மதிப்பீடு செய்தவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழற்றினால் உறையில் இரத்தம் ஒட்டியிருக்கும். அதையும் கேட்கவில்லை.

துஷி: மாமா, இதைத்தான் அங்கே சொல்ல வேண்டும். இப்போதே ஒத்திகை பார்ப்போம். நான்தான் நீதிபதி. சமையல் செய்வீர்களா?

குகன் (லண்டன்): செய்வேன். சோறு, பருப்பு, முட்டை. பிரச்சினை இல்லை.

மைதிலி (ஹரோ): அண்ணா, இப்படிச் சொன்னால் "சமைக்கிறார்" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நேற்று இரவு எப்படிச் சமைத்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

குகன் (லண்டன்): நேற்றுக் கால் வீங்கியிருந்தது. செயற்கைக் காலைப் போட முடியவில்லை. இரண்டு ஊன்றுகோலோடுதான் குசினிக்குள் போனேன். உலை வைக்கும்வரை அலுமாரியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். கஞ்சி வடிக்கப் பானையை இரண்டு கையாலும் தூக்க வேண்டும். தூக்கினால் பிடிமானம் போய்விடும். போன மாதம் அப்படித் தூக்கித்தான் கொதிகஞ்சி கையில் ஊற்றியது. அதனால் வடிக்காமல் அகப்பையால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். தட்டை மேசைக்குக் கொண்டுபோகக் கை இல்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டேன். பருப்பு வைக்கவில்லை.

சாந்தி: தம்பி, வீடியோவில் வரும்போதெல்லாம் "சாப்பிட்டுவிட்டேன் அக்கா" என்றுதானே சொல்வாய். கையில் கஞ்சி ஊற்றியதைக்கூட எனக்குச் சொல்லவில்லையே.

மைதிலி (ஹரோ): அக்கா, அழாதீர்கள். அண்ணா இப்போது எழுதியதை அப்படியே அங்கே சொன்னால் போதும். சட்டம் கேட்பது நான்கு விடயங்கள்: பாதுகாப்பாகச் செய்ய முடிகிறதா, ஏற்கத்தக்க விதத்தில் முடிகிறதா, தேவைப்படும் ஒவ்வொரு முறையும் முடிகிறதா, நியாயமான நேரத்துக்குள் முடிகிறதா. உடல்நலம் உள்ள ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது நியாயமான நேரம் அல்ல. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் செய்ய முடியாது என்றே கொள்ள வேண்டும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அந்த நிலை இருக்க வேண்டும். அதனால் அண்ணா, எந்தெந்த நாளில் காலைப் போட முடியவில்லை என்று கலண்டரில் குறித்து வையுங்கள். நல்ல நாளையும் மறைக்க வேண்டாம். கேட்டால் நல்ல நாள் என்றே சொல்லுங்கள்.

ரவி: அலுமாரிக்கு மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். யாழ். போதனா வைத்தியசாலையின் டயக்னோசிஸ் காட் இருக்கிறது. ஜெய்ப்பூர் நிலையத்தில் முதல் கால் பொருத்திய அட்டையும் இருக்கிறது. கரையான் தொடவில்லை. படம் எடுத்து அனுப்பட்டுமா?

மைதிலி (ஹரோ): அனுப்புங்கள் அத்தான். எப்போதிருந்து இந்த நிலை என்பதற்கு அவை நல்ல சான்று. ஆனாலும் இங்கே செயற்கைக் கால் கிளினிக்கில் புண்ணைப் பற்றித் தரும் கடிதம்தான் கனமானது. அண்ணா, அதை நாளைக்கே கேளுங்கள்.

சாந்தி: நானும் வீடியோவில் வந்து நீதிபதியோடு கதைக்கிறேன். அங்கே காலை 10 என்றால் இங்கே பிற்பகல் 2.30. நான் வீட்டில்தான் இருப்பேன்.

மைதிலி (ஹரோ): வெளிநாட்டில் இருப்பவர் வாயால் சாட்சி சொல்வதென்றால் அந்த நாட்டுக்கு ஆட்சேபம் இல்லை என்று இங்குள்ள வெளிவிவகார அமைச்சின் ஊடாக உறுதிப்படுத்த வேண்டும். எழுத்தில் கொடுக்க அது தேவையில்லை. கடிதமாக எழுதுங்கள் அக்கா. முடிவு எடுத்த நாளில் அண்ணாவின் நிலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள். அது சென்ற நவம்பர். அண்ணா ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தாரே, அப்போது கண்டதை எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். "பாவம்", "தங்கமான பிள்ளை" என்றும் வேண்டாம்.

சாந்தி: எழுதுகிறேன். தேரன்று வடம் பிடிக்கும் முன்பே வெளிவீதி மணலில் உட்கார்ந்துவிட்டான். ஓட்டோவில்தான் கொண்டுவந்தோம். உறையைக் கழற்றும்போது தோல் உரிந்து அதோடு வந்தது. நான்தான் சுடுநீரால் துடைத்துவிட்டேன். மறுநாள் தீர்த்தத்துக்கு வரவில்லை. கிணற்றடிக்கு அத்தான் தாங்கிக்கொண்டு போனார், குந்தில் இருத்தி அவர்தான் தண்ணீர் அள்ளி வார்த்தார். இது போதுமா?

மைதிலி (ஹரோ): போதும் அக்கா. இதைவிட நன்றாக யாராலும் எழுத முடியாது. தமிழிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

குகன் (லண்டன்): என் ஆங்கிலம் போதுமா என்பதுதான் எனக்குக் கவலை. நோவைப் பற்றிச் சொல்லும்போது வார்த்தை வருவதில்லை.

மைதிலி (ஹரோ): தீர்ப்பாயமே இலவசமாக உரைபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும். நான் உரைபெயர்க்க முடியாது, உறவினர். இலங்கைத் தமிழ் என்று படிவத்தில் குறித்துக் கொடுத்தோமே.

ரவி: நாளை காலை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகிறேன். சாந்தி, இன்றிரவே கடிதத்தை முடியும். குகன், தரிப்பிடச் செலவைப் பார்க்காமல் வாசலிலேயே இறங்கும். அன்றைக்கு நடந்து களைக்க வேண்டாம்.

மைதிலி (ஹரோ): பயணச் செலவைக் கேட்டுப் பெறலாம் அத்தான். பற்றுச்சீட்டை நான் வைத்துக்கொள்கிறேன்.

சாந்தி: அன்று காலை நல்லூரில் ஒரு ரூபா அர்ச்சனை ஒன்று செய்துவிட்டு வருவேன். தம்பி, கையில் ஊற்றிய இடம் ஆறிவிட்டதா? படம் அனுப்பு.

துஷி: மாமா, நாளை இரவு குளிப்பது, உடுப்பது பற்றிய கேள்விகள். குளியலறைக்குள் எப்படிப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

குகன் (லண்டன்): சரி பிள்ளை. உங்கள் நேரம் இரவு 9 மணிக்கு எடுக்கிறேன். அக்கா, படம் அனுப்புகிறேன். இன்னும் முழுதாக ஆறவில்லை.