கரூர் வீடு குழு: நாற்பது எட்டில் ஒரு பெட்டி

மீனா: லெட்டர்பாக்ஸிங் விளையாட்டில் ஒளித்துவைத்த பெட்டியைத் தேடி, இங்கே அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் மெஷோமாசிக் காட்டுக்குள் வந்துவிட்டோம். சிக்னல் வந்து வந்து போகிறது. குறிப்பு இதுதான், எல்லோரும் கொஞ்சம் மூளையைக் கொடுங்கள்:

'மரங்களில் பூசிய நீலப் பட்டை வழியே ஏறு. இரண்டாவது கல்சுவரைத் தாண்டு. இரட்டைப் பட்டை போட்ட ஓக் மரத்தில் பாதை திரும்பும், நீ திரும்பாதே. காம்பஸில் 140 டிகிரி பார்த்து 40 எட்டு வை. இரட்டையர் காலடியில் தேடு.'

செந்தில்: லொகேஷன் எண் இல்லையா? மேப்பில் போட்டால் முடிந்தது.

மீனா: அதைக் கொடுத்தால் ஜி.பி.எஸ். வைத்துத் தேடும் ஜியோகேஷிங் ஆகிவிடும் அண்ணா. லெட்டர்பாக்ஸிங்கில் குறிப்பைப் படித்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் முத்திரையும் நோட்டும் இருக்கும். அந்த முத்திரை நம் நோட்டில், நம் முத்திரை அந்த நோட்டில். அவ்வளவுதான், எதையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

அம்மா: காட்டில் உண்ணி இருக்குமே. பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டாயா?

மீனா: போட்டாச்சும்மா, சாக்ஸுக்குள் சொருகியும் விட்டாச்சு. இங்கே மான் உண்ணிக் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். லைம் நோய்க்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கனெக்டிகட்டில் இருக்கிற லைம் என்ற ஊரால்தான்.

அம்மா: இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்துகிறாயா?

அப்பா: காட்டுக்குள் கல்சுவர் யார் கட்டியது?

மீனா: முன்பு இதெல்லாம் விவசாய நிலம் அப்பா. உழும்போது கிளம்பிய கல்லை எடுத்து வரப்போரம் அடுக்கியிருக்கிறார்கள். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் பலர் மேற்கே நல்ல மண் தேடியும் ஆலை வேலைக்கும் போய்விட்டார்கள். நிலம் மறுபடி காடாகிவிட்டது.

அப்பா: அப்படியானால் மரத்தைவிடச் சுவருக்கு வயது அதிகம். நல்ல கதை.

கவிதா அண்ணி: அப்பா, இந்தப் பெட்டிக் கதையும் உங்களுக்குப் பிடிக்கும். 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற சதுப்பில் ஒரு பாட்டிலை வைத்தாராம். அங்கே வரை நடந்து போனவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டு வருவார்கள். பிறகு முகவரி எழுதிய அஞ்சலட்டையை வைக்கும் வழக்கம் வந்தது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய் ஊரில் தபாலில் சேர்க்க வேண்டும்.

அப்பா: சம்பளம் இல்லாத தபால்காரர்! முப்பது வருடம் சர்வீஸ் போட்ட எனக்கு இது தெரியாமல் போனதே. அமெரிக்காவுக்கு எப்படி வந்தது?

கவிதா அண்ணி: 1998இல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்துத்தான் அங்கே நிறையப் பேர் இறங்கினார்கள்.

மீனா: ஓக் மரம் கிடைத்துவிட்டது! இரண்டு நீலப் பட்டை, மேல் பட்டை வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. பாதை வலது பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். நாங்கள் பாதையை விட்டு 140 டிகிரியில் நடக்கிறோம்.

மீனா: 40 எட்டு வைத்தாச்சு. வெறும் பெரணிச் செடி. இரட்டையரும் இல்லை, ஒற்றையரும் இல்லை. நகுல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

செந்தில்: ஃபோன் காம்பஸா? செட்டிங்கில் 'உண்மை வடக்கு', அதாவது வட துருவம் இருக்கும் திசை, ஆன் ஆகியிருக்கிறதா பார்.

மீனா: ஆமாம், ஆன்.

செந்தில்: அதுதான். குறிப்பு எழுதியவர் ஊசிக் காம்பஸ் வைத்திருப்பார், அது காந்த வடக்கைக் காட்டும். உங்கள் பக்கம் அது உண்மை வடக்குக்கு மேற்கே சுமார் 13 டிகிரி தள்ளி இருக்கும். சென்னையில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு, யாரும் கவலைப்பட மாட்டார்கள். 40 எட்டு என்றால் 30 மீட்டர் வைத்துக்கொள். கிட்டத்தட்ட 7 மீட்டர் வலப்பக்கம் விலகிப் போயிருக்கிறாய். நடந்த திசையைப் பார்த்து நின்று இடப்பக்கம் போ.

அம்மா: இவன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலுக்கு அழுதவன்.

மீனா: ஒரே வேரில் இரண்டு அடிமரமாகப் பிரிந்த பீச் மரம்! 'இதுதான்மா ட்வின்ஸ்' என்று நகுல் கத்துகிறான்.

அம்மா: பொந்துக்குள் கையை விடாதே!

மீனா: முதலில் குச்சிதான் விட்டோம். தட்டைக் கல்லுக்குப் பின்னால், சருகுக்கு அடியில், பச்சை டேப் சுற்றிய சாப்பாட்டு டப்பா. முத்திரையில் ஆந்தை, இறகு இறகாகச் செதுக்கியிருக்கிறார்கள். இனியா அழிரப்பரில் வெட்டிய ஆமையை அந்த நோட்டில் குத்திவிட்டாள். கீழே இந்த விளையாட்டுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்: அமராவதி ஆமைகள்.

செந்தில்: ஃபோட்டோ?

மீனா: ஆந்தை மட்டும் அனுப்புகிறேன். மரத்தைக் காட்டினால் அடுத்து தேடுகிறவர்களுக்கு என்ன மிச்சம்? டப்பாவை இருந்தபடியே வைத்துச் சருகு மூடியாச்சு.

அப்பா: நான் ஒரு அஞ்சலட்டை அனுப்பினால் அடுத்த பெட்டியில் வைப்பாயா? முகவரி இந்த வீட்டுடையதே போட்டுவிடுகிறேன்.

மீனா: இந்திய ஸ்டாம்ப் இங்கே செல்லாது அப்பா. கார்டை அனுப்புங்கள், ஸ்டாம்ப் நான் ஒட்டுகிறேன்.