அதிகம் அறியப்படாத செவ்வியல் கிட்டார் உருப்படிகளை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி

செவ்வியல் கிட்டாரைத் தொழிலாகக் கொள்ளாமல் விருப்பத்துக்காக வாசிப்பவர்கள் சிலர் அவ்வப்போது கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். தாரெகாவின் ‘லாக்ரிமா’, ‘அதெலிதா’, இயற்றியவர் பெயர் தெரியாத ‘ரொமான்ஸ்’, வில்லா-லோபோஸின் முதலாம் பிரெலூட் ஆகியவையே அங்கே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. அவற்றின் அழகைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆறு தந்திக் கிட்டாருக்கென்று எழுதப்பட்டுவந்த இசையில் ஒரு கைப்பிடியளவை மட்டுமே நாங்கள் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறுத்துகிறது.

தேடத் தொடங்கினால் இரண்டு பக்கமும் தடை இருக்கிறது. ‘மறக்கப்பட்ட பொக்கிஷங்கள்’ என்று பிறர் பரிந்துரைப்பவை பெரும்பாலும் ரெகோந்தியின் பத்து எட்யூடுகளைப் (நுட்பப் பயிற்சிக்கான உருப்படிகளைப்) போல மேடைக் கலைஞர்களுக்கே கடினமானவை. எளியவை என்று கிடைப்பவையோ விரலுக்குப் பயிற்சி தருவதோடு நின்றுவிடுகின்றன. இன்னொருவர் முன்னால் வாசித்துக்காட்டும் அளவுக்கு அவற்றில் இசை இல்லை. கார்காஸியின் ஓபஸ் 60 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) எட்யூடுகளில் பாதிக்கு மேல் ஒழுங்காக வாசிக்கக்கூடிய ஒருவர் எதைத் தேட வேண்டும்? கண்டெடுத்ததை, கேட்டவர்கள் பாராட்டிவிட்டுப் போகாமல் தாங்களும் எடுத்து வாசிக்கும்படி எந்த வடிவில் பகிர வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1

நண்பரே, தெரியாத பெயர்களைத் தேடிப் போவதற்கு முன், தெரிந்த பெயர்களின் திறக்கப்படாத பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஃபெர்னாண்டோ சோர் ஓபஸ் 6, 29, 31, 35, 60 ஆகிய ஐந்து தொகுப்புகளிலும் சேர்த்து 97 எட்யூடுகளும் பாடங்களும் எழுதினார். 1945-இல் ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அவற்றிலிருந்து 20-ஐத் தேர்ந்து வெளியிட்டார். அந்தத் தேர்வு அருமையானது என்பதாலேயே, மீதமுள்ள 77-ஐ உலகம் ஏறத்தாழ மறந்துவிட்டது. ஓபஸ் 60-இலிருந்து அவர் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஆனால் இரண்டே குரல்களை, அதாவது உடனோடும் இசை இழைகளை, வைத்துக்கொண்டு ஒரு முழுமையான வாக்கியத்தை எப்படிக் கட்டுவது என்பதை அந்தத் தொகுப்பின் பிற்பகுதிப் பாடங்களைவிடத் தெளிவாகக் காட்டும் இசையை நான் அறிந்ததில்லை. இவற்றோடு ஓபஸ் 44 என்ற 24 சிறு உருப்படிகளின் தொகுப்பும் இருக்கிறது.

அங்கிருந்து அக்கம்பக்கத்தாரிடம் செல்லலாம். சோரிடம் பயின்ற நாப்போலியன் கோஸ்த் (1805–1883), பிரெஸ்பர்க்கில் (இன்றைய பிராட்டிஸ்லாவா) பிறந்து வியன்னாவில் வாழ்ந்த யோஹான் காஸ்பர் மெர்ட்ஸ் (1806–1856) ஆகிய இருவரையும் இணைத்துக் கேட்பது நல்லது. ரஷ்யப் பிரபுவும் கிட்டார் கலைஞருமான நிக்கொலாய் மகாரவ் 1856-இல் பிரஸ்ஸல்ஸில் நடத்திய இசையமைப்புப் போட்டியில் மெர்ட்ஸ் முதல் பரிசையும் கோஸ்த் இரண்டாம் பரிசையும் பெற்றார்கள். முடிவு வெளியாகும் முன்பே மெர்ட்ஸ் இறந்துவிட்டார். போட்டிக்கு எழுதப்பட்ட பெரிய படைப்புகள் நம்மைப் போன்றவர்களுக்கு உரியவை அல்ல. ஆனால் மெர்ட்ஸின் ஓபஸ் 13 ‘பார்டன்க்ளெங்கெ’ தொகுப்பில் உள்ள ‘ரொமான்ஸெ’, ‘ஆபென்ட்லீட்’ போன்ற சிறு உருப்படிகள் நீங்கள் சொல்லும் நிலைக்குச் சரியாகப் பொருந்தும். பியானோவில் ஷூமன் எழுதிய சிறு சித்திரங்களின் மனநிலையைக் கிட்டாரில் கேட்க விரும்புவோர் இவற்றைத் தவறவிடக் கூடாது. கோஸ்தின் ஓபஸ் 51-உம் பயில்வோருக்காகவே எழுதப்பட்டது.

இவற்றின் முதற்பதிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த பொறியாளர் கார்ல் ஆஸ்கர் போயே (1849–1923) தம் வாழ்நாளில் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிட்டார் இசைத்தாள்கள், மெர்ட்ஸின் கையெழுத்துப் பிரதிகள் உட்பட, ஸ்டாக்ஹோமில் பாதுகாக்கப்பட்டு எண்ணியமாக்கப்பட்டுள்ளன. கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் அரச நூலகத்தின் ரிஷெல்–பிர்கெட்-ஸ்மித் தொகுப்பும் அப்படிப்பட்டதே. வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, எதையும் பயிற்சி செய்யாமல் பக்கம் பக்கமாக மெதுவாகப் படித்து வாசித்துக்கொண்டு போங்கள். மனத்தில் நிற்பது தானாக நிற்கும்.

பதில் 2

மேலே உள்ள பரிந்துரையை ஏற்கிறேன். பழைய பதிப்புகளைத் திறப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். அவற்றில் விரலமைப்பு (எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்ற குறிப்பு) மிகக் குறைவாகவே அச்சிடப்பட்டிருக்கும். அச்சுப் பிழைகளும் உண்டு. தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸைக் குறிக்கும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். அக்காலக் கருவிகள் இன்றையவற்றைவிடச் சிறியவை. மேலும் வியன்னா, இத்தாலிய மரபுகளில் இடது கைப் பெருவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் தந்தியை அழுத்துவது இயல்பாக இருந்தது. ஆகவே ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) பிடிக்கவே முடியவில்லை என்றால் உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். எழுதியவர் பெருவிரலை எண்ணி எழுதியிருக்கக்கூடும். அத்தகைய இடங்களில் உள்குரல் ஒன்றை விட்டுவிட்டு, பாஸையும் மெலடியையும் காப்பாற்றுவதே முறை.

கோஸ்த் ஏழு தந்திக் கிட்டாருக்கு எழுதினார் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறாம் தந்தியின் கீழ் ‘ஈ’ சுரத்துக்கும் கீழே இறங்கும் பாஸ் சுரங்களைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. அவற்றைப் பெரும்பாலும் ஓர் எட்டு சுரம் மேலே ஏற்றி வாசித்துவிடலாம். கீழ் ‘டி’ மீண்டும் மீண்டும் வந்தால் ஆறாம் தந்தியை ‘டி’-க்கு இறக்கிக்கொள்வது நல்லது. ஆனால் அப்போது அந்தத் தந்தியில் உள்ள மற்றச் சுரங்கள் எல்லாம் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும் என்பதால், இறக்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

பதில் 3

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தங்கிவிடும் பழக்கத்தை நான் மறுக்கிறேன். அந்தத் தொகுப்புகளில் உள்ளவற்றில் மிகப் பெரும்பகுதி, அக்கால வரவேற்பறைகளுக்காக எழுதி விற்கப்பட்ட வால்ட்ஸ்களும் ஓபராப் பாடல்களின் மாறுபாடுகளும்தான். அவை மறக்கப்பட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அரிதாகக் கிடைப்பது என்பதற்காகவே ஒன்றை நல்லது என்று கருதத் தொடங்கினால், கேட்பவர்களின் பொறுமையைத்தான் செலவழிப்போம்.

இருபதாம் நூற்றாண்டில் பல படைப்புகள் மறைந்தே இருந்ததற்குக் காரணம் வேறு. தமக்கென எழுதப்பட்டவற்றுள் செகோவியா எதை மேடையேற்றினாரோ அதுவே பெரும்பாலும் நிலைத்தது. ஃபிராங்க் மார்ட்டின் 1933-இல் எழுதிய நான்கு சிறு உருப்படிகளை அவர் வாசிக்கவே இல்லை. 2001-இல் ஸ்பெயினின் லினாரெஸில் செகோவியாவின் தாள்களை ஆராய்ந்த ஆஞ்செலோ ஜிலார்தினோ, சிரில் ஸ்காட்டின் சொனாட்டினா உட்படப் பல கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்து வெளியிட்டார். புர்கோஸைச் சேர்ந்த அந்தோனியோ ஹொசே 1933-இல் எழுதிய சொனாட்டாவின் கதை இன்னும் துயரமானது. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1936-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார், அந்தச் சொனாட்டா 1990-இல்தான் அச்சேறியது. இவையெல்லாம் கடினமானவை. வாசிக்க முடியாவிட்டாலும் இவற்றைக் கேளுங்கள். கேட்ட பிறகு உங்கள் தேடலின் அளவுகோலே மாறிவிடும்.

நீங்கள் வாசிக்கக்கூடியவற்றுக்கு வருகிறேன். மானுவல் பொன்ஸே 1929-இல் எழுதிய 24 பிரெலூடுகளில் 12 மட்டுமே முதலில் வெளிவந்தன. முழுத் தொகுப்பும் இப்போது கிடைக்கிறது, பல ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். உருகுவேயின் ஆபெல் கார்லெவாரோவின் ஐந்து ‘பிரெலூடியோஸ் அமெரிக்கானோஸ்’ வரிசையில் மூன்றாவதான ‘காம்போ’ கொஞ்சம் உழைப்பைக் கேட்கும், கேட்டதைவிட அதிகமாகத் திருப்பித் தரும். மிகேல் லியோபெத் அமைத்த கத்தலான் நாட்டுப் பாடல்களில் எல்லோரும் ‘எல் டெஸ்டமென்ட் த’அமேலியா’வோடு நின்றுவிடுகிறார்கள்; ‘பிளான்ய்’ என்ற சிறு பாடலை எடுத்துப் பாருங்கள். சுரங்கள் குறைவு, ஆனால் மெலடியை மற்றக் குரல்களிலிருந்து பிரித்துப் பாடவைக்க முழுக் கவனமும் தேவைப்படும்.

காப்புரிமை பற்றியும் ஒரு சொல். பல நாடுகளில் அது படைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. 1938-இல் மறைந்த லியோபெத்தின் இசை அங்கெல்லாம் பொதுவுடைமை. 2001-இல் மறைந்த கார்லெவாரோவின் இசை அப்படியல்ல. பதிப்பாசிரியரின் பணிக்குத் தனி உரிமை இருக்கக்கூடும் என்பதால், பொதுவுடைமையான படைப்பாக இருந்தாலும் புதிய பதிப்பின் பக்கங்களைப் படமெடுத்துப் பகிராதீர்கள்.

பதில் 4

பகிரும் முறை குறித்த கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒலிப்பதிவு மட்டும் கேட்பவரை வாசிப்பவராக்குவதில்லை. அவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் விரலமைப்பு இல்லாத வெறும் தாள்தான். நீங்கள் நாட்கணக்கில் யோசித்துக் கண்டுபிடித்த விரலமைப்பை எழுதிக் கொடுப்பதே ஒரு புதிய உருப்படிக்குச் செய்யும் பேருதவி. அத்துடன் எந்த அளவையில் (இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட பகுதியில்) சிக்கல் இருக்கிறது, எங்கே ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பேர்ரே நீண்டு கையைச் சோர்வடையச் செய்கிறது, எதை விட்டுவிட்டாலும் இசை கெடாது என்பவற்றையும் மறைக்காமல் குறித்துக் கொடுங்கள். கூட்டத்தில் புதிய உருப்படி ஒன்றை வாசிப்பவர், அது குறுகியதாக இருந்தால் இரண்டு முறை வாசிக்கட்டும். தெரிந்த மெலடியைக் காது உடனே பற்றிக்கொள்ளும்; தெரியாத ஒன்றுக்கு இரண்டாம் முறை தேவை.

பரிந்துரைகளில் பெண் படைப்பாளர் ஒருவர்கூட இடம்பெறவில்லை. மௌரோ ஜூலியானியின் மகள் எமிலியா ஜூலியானி (1813–1850) எழுதிய ஓபஸ் 46 பிரெலூடுகள் ஆறும், அர்ஜென்டினாவின் மரியா லூயிசா அனீதோ (1907–1996) எழுதிய ‘ஐரே நோர்தேன்யோ’வும் என் பரிந்துரை. முன்னதில் ஆர்பெஜியோக்கள் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுபவை) வேகமாக ஓடினாலும் இடது கை பெரும்பாலும் ஒரே வடிவில் நிற்பதால், தோன்றும் அளவுக்குக் கடினமில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சோரின் ஓபஸ் 60-ஐ முதல் பாடத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த கூடலுக்கு லியோபெத்தின் ‘பிளான்ய்’ உருப்படியை எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விரலமைப்பை அளவை எண்களோடு தனித் தாளில் எழுதி இங்கேயே பதிவிடுகிறேன். அதை வாசித்துப் பார்ப்பவர்கள் வேறு விரலமைப்பைக் கண்டால் அதையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். குறிப்பாக, மெலடி இடறாமல் இடது கை நிலை மாறுவதற்குப் பொருத்தமான தந்தியை ஒவ்வொருவரும் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.